வலது கைப் பிள்ளை

பிள்ளையை எந்தப் பக்கம் தூக்குவது என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வரக் கூடாது. வந்தால் வாய்க்கு வந்தபடி பேசிவிடுவேன். போன மாதம் அப்படித்தான் நடந்தது. எங்கள் பாடசாலையில் பிள்ளை பெற்று லீவு முடிந்து வந்த சின்ன வயது ரீச்சர் ஒருத்தி, போனில் எதையோ வாசித்துவிட்டு, "இடக் கைப் பக்கம் பிள்ளைய வச்சிரிக்கிற தாய்மாருக்குத்தான் பாசம் கூடவாம், பாருங்க ரீச்சர்" என்று போனை என் முகத்துக்கு நீட்டினாள். நல்ல எண்ணத்தோடுதான் நீட்டினாள். நான் பேசிய பேச்சில் தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். பின்னேரம் போய் மன்னிப்புக் கேட்டேன். கோபம் உன்னோடு இல்லையம்மா என்றேன். யாரோடு என்று கேட்டாள். அதைச் சொல்வதென்றால் கடல் வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், மணி அடித்தது என்று சாட்டுச் சொல்லி வகுப்புக்குப் போய்விட்டேன்.

இடது பக்கம் என்பது பொய் இல்லை. அதை நானும் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் பாருங்கள், கிளினிக் வரிசையில் பாருங்கள், அமிர்தகழித் தீர்த்தத்துக்கு வருகிற சனத்தில் பாருங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்களின் இடது முழங்கை மடிப்பில்தான் பிள்ளையின் தலை கிடக்கும். தகப்பன்மாரும் அப்படித்தான். பொம்மையைத் தாலாட்டுகிற சின்னப் பெண்களும் அப்படித்தான். வேலை செய்ய வலது கை வேண்டும், அதனால் பிள்ளை இடது கைக்கு என்று நம் ஆட்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். என் அக்கா இடது கைக்காரி. எழுதுவது, அகப்பை பிடிப்பது, எனக்கு அடிப்பது எல்லாம் இடது கையால். ஆனால் பிள்ளை பிறந்ததும் அவளும் இடது பக்கம்தான் தூக்கினாள். தூக்கிக்கொண்டு, பழக்கமில்லாத வலது கையால் குழம்பைக் கிண்டி, அடுப்பெல்லாம் ஊற்றி, குழம்புக்கே ஏசுவாள்.

ஏன் இடது பக்கம் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். தாயின் இதயத் துடிப்புக் கேட்குமாம், வயிற்றுக்குள் கேட்ட அதே சத்தமாம், அதனால் பிள்ளை அமைதியாகுமாம். முகத்தைப் பார்த்து மனதை அறிகிற வேலையை மூளையின் வலப் பாதி கூடுதலாகச் செய்கிறதாம், அதற்குப் பிள்ளையின் முகம் நம் இடது பக்கம் இருந்தால் வசதியாம். இருக்கலாம். சொல்கிறவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஆராயட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் பலர் செய்வது ஒன்று என்றால், அதைச் செய்யாதவள் தாயில்லை என்று தீர்ப்பு எழுத யார் இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது?

எங்கள் ஊர் பெரியகல்லாறு. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் கொஞ்சம் மணல், அதில் நாங்கள். அப்பாவும் அம்மாவும் முன்னமே போய்விட்டார்கள். அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு கடல் பக்கம். எனக்கென்று வைத்த வீடு வாவிப் பக்கம். அத்தான் கட்டாரில் லொறி ஓட்டினார். அக்காவின் பெண் பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பிள்ளையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். "பால் குடுத்திட்டன். நீ வச்சிரி, நான் போய்க் கறிய வச்சிட்டு வாறன்" என்றாள். அவள் பேசிக் கேட்டது அதுதான் கடைசி.

கொஞ்ச நேரத்தில் சனம் கத்திக்கொண்டு வாவியை நோக்கி ஓடியது. என்னவென்று பார்க்க வாசலுக்கு வந்தேன், தண்ணீரும் வாசலுக்கு வந்துவிட்டது. பிள்ளை என் இடது கையில் இருந்தாள். வலது கையால் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கறுப்புத் தண்ணீர் எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலால் போனது, இறங்கியது, மறுபடி போனது. கம்பியையும் விடவில்லை, பிள்ளையையும் விடவில்லை. தண்ணீர் வடிந்ததும் பிள்ளை சேறாக வாந்தி எடுத்தாள். தன் வீட்டிலிருந்து அடித்து வரப்பட்ட அக்காவை அடுத்த நாள் வாவிக் கரைக் கண்டல் மரங்களுக்குள் எடுத்தார்கள். பிள்ளையை இறக்கி வைக்க இடமில்லாமல், கையில் வைத்துக்கொண்டே பார்த்தேன்.

பிறகு வாவிக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்து முகாம். வகுப்பறையைச் சாறிகளால் மறித்து ஆளுக்கொரு துண்டு இடம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. முகாமில் பாதிப் பிள்ளைகளுக்கு வடிந்தது. வான் வண்டியில் வந்த வைத்தியர்கள் ஒரு குப்பி சொட்டு மருந்து தந்து, தண்ணீர் போனதுதான், காய்ந்துவிடும் என்றார்கள். காய்ந்தது. காய்ந்த காதை யார் மறுபடி பார்ப்பார்கள்?

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. இடது கையில் வைத்தால் பிள்ளை தலையை நிமிர்த்தி என் வாயையே பார்ப்பாள். உதட்டைப் பிதுக்குவாள். பிறகு நீலம் பாரிக்கும் மட்டும் அழுவாள். நெஞ்சோடு அணைத்தால் இன்னும் மோசம். வலது கைக்கு மாற்றி, "என்னகா, என்ன வேணும்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அடங்கிவிடுவாள். மனுசருக்கு ஒரு பிள்ளையைத் தூக்க இரண்டு பக்கம்தான் இருக்கிறது, அதில் ஒன்றை அவள் வேண்டாம் என்றாள். வலது கை இழுத்துப் பிடித்து எனக்குத் தோள் வீங்கியது. ஒரு கையால் அரிசி கழுவினேன், இடது கையால் சோறு தின்றேன். தண்ணீருக்குள் அவளை இடது கையில் வைத்திருந்தேன் அல்லவா, அந்தப் பயம் போகவில்லை என்று நானாக ஒரு காரணம் கட்டிக்கொண்டேன்.

முகாம் பெண்கள் அதைவிடப் பெரிய காரணம் கட்டினார்கள். "இடப் பக்கம் தாய் நிக்கிறாள் புள்ள" என்றாள் பக்கத்து மறைப்புக்காரி. அக்கா இடது பக்கம் தூக்கினவள், தன் இடத்துக்கு வந்து நிற்கிறாள், பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால்தான் அழுகிறாள் என்று முகாம் முழுக்கக் கதை. நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார்கள். பிள்ளையின் இடது கையில் நூல் கட்டி, முகத்துக்கு நேரே சாம்பிராணி போட்டு, "பிள்ளைய விட்டிட்டுப் போ தாயே" என்று என் அக்காவை அதட்டினான். செத்துப்போனவளுக்குக் கூடவா பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க இடமில்லை என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிள்ளைக்கு இருமல் பிடித்ததுதான் மிச்சம்.

சரி, அவர்கள் படிக்காத சனம் என்று விட்டுவிடலாம் என்று பார்த்தால், படித்தவள் ஒருத்தி வந்தாள். கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் அனுப்பிய, மனதை ஆற்றுப்படுத்துகிற மிஸ். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அட்டை, தலையில் தொப்பி. எங்களை மரநிழலில் வட்டமாக இருத்தினாள். ஆளுக்கொரு புதுத் துவாய் தந்தாள். அதைச் சுருட்டி, குழந்தை மாதிரி நினைத்துக் கையில் பிடியுங்கள் என்றாள்.

அந்த வட்டத்தில் இரண்டு பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கொடுத்த ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் ஒரு துவாய். அவள் அதை வாங்கி, சுருட்டி, நெஞ்சோடு பிடித்தாள். முதுகில் தட்டிக் கொடுக்கவும் தொடங்கிவிட்டாள். எனக்கு எழும்பி அந்தத் துவாயைப் பிடுங்கி எறிய வேண்டும் போல் இருந்தது. மிஸ்ஸோ கை தட்டினாள். "பார்த்தீங்களா, எல்லாரும் இடது பக்கம்! அது இதயம் இருக்கிற பக்கம். அன்பு இருந்தா கை தானா அங்கதான் போகும்" என்றாள்.

அப்போதுதான் அவள் கண் என்னில் விழுந்தது. என்னிடம் துவாய் இல்லை, உண்மையான பிள்ளை இருந்தாள், வலது கையில்.

"அக்கா, நீங்க ஏன் வலது பக்கம் வெச்சிருக்கீங்க?"

"இவ இந்தப் பக்கம்தான் இரிப்பா மிஸ். அந்தப் பக்கம் வச்சா அழுவா."

"குழந்தை இல்லக்கா, நீங்கதான் அந்தப் பக்கம் வெச்சுக்கிறீங்க. மனசு ஒட்டாதப்போ கை தானா இதயத்தை விட்டு விலக்கி வெச்சிடும். உங்க மேல தப்பு இல்ல. உங்க அக்காவோட இழப்பு இன்னும் உங்களுக்குள்ள இருக்கு."

நான் பிள்ளையை அவளிடம் நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கி, இடது பக்கம், இதயத்தோடு வைத்தாள். பிள்ளை அவள் தொப்பி விழும் அளவுக்கு உதறி அழுதாள். இனி விளங்கும் என்று நினைத்தேன். "பாருங்க, இவளுக்கு யார்கிட்டயும் பாதுகாப்பு தோணல" என்றாள் மிஸ். அதுவும் என் கணக்கில்தான் விழுந்தது.

அவள் அங்கே சொல்லிவிட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை. அதே கிழமை அத்தான் கட்டாரிலிருந்து வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளை யாருடையது என்பதில் வழக்குப் பேச ஒன்றும் இல்லை. தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளை தாய்வழிதான், தாயின் குடி. தாய் இல்லையென்றால் தாயின் உடன்பிறந்தவள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், அத்தான் உட்பட. கூடவே, நான் அத்தானையே கட்டிக்கொண்டால் காரியம் சுலபம் என்றும் நினைத்தார்கள். அக்காவின் சாவுத் துடக்குக் கழியும் முன்பே அதைப் பேச வந்தவர்களை நான் வாசலோடு அனுப்பினேன். அத்தான் கெட்ட மனுசன் இல்லை. ஆனால் அவருக்கு முகம் சுருங்கியது. அந்த நேரம் பார்த்து, கழுத்தில் அட்டை போட்ட ஒருத்தி வந்து, சின்னம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒட்டு இல்லை, அவளுடைய கையே காட்டிக் கொடுக்கிறது, வேறு யாராவது பெண் துணை இருந்தால் யோசியுங்கள் என்று சொன்னால் என்ன ஆகும்?

அத்தான் பிள்ளையை அமிர்தகழியிலிருந்த தன் அக்காவிடம் கொண்டுபோனார். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று கத்தினேன். நான்கு பேர் கூடி, பெற்ற தகப்பன் கேட்கிறான், நீ யார் என்றார்கள். நேற்று வரைக்கும் தாயின் குடி என்று பேசிய அதே வாய்கள்.

அத்தானின் அக்கா எனக்கு மச்சாள் முறை. நல்லவள், ஐந்து பிள்ளை வளர்த்தவள். அவளுக்கு மிஸ் சொல்லிக் கொடுத்தபடியே, பிள்ளையை இடது பக்கம் மட்டும் வைத்து, நெஞ்சோடு அணைத்து, இதயத் துடிப்பைக் கேட்கப் பண்ணினாள். பிள்ளை அழுதாள். தோளில் போட்டாலும் மடியில் கிடத்தினாலும் கடைசியில் இடது கைக்கே கொண்டு வந்தார்கள். மெலிந்து, தொண்டை கட்டி, சத்தம் வராமல் அழுதாள். அந்த நாட்களில் முகாமில் என் வலது கை சும்மா தொங்கியது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கடைசியில் மச்சாளே ஓட்டோ பிடித்து முகாமுக்கு வந்தாள். இறங்கும்போதே பிள்ளை இடது கையில் கிடந்து துடித்தாள். "இந்தா புள்ள. எனக்கு ஏலா. நீ எப்பிடி வச்சிரிந்தாய் எண்டு காட்டு" என்றாள். வாங்கி வலது கையில் போட்டேன். "எங்ககா போனாய் இவ்வளவு நாளும்" என்றேன், அழுதுகொண்டுதான் சொன்னேன். பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அடங்கினாள். மச்சாள் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே இருந்துவிட்டாள். "என்னைப் பழிகாரியாக்கிப் போட்டாளே அந்தப் பொட்டை" என்று மிஸ்ஸைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் அத்தான் முழுதாக இறங்கி வரவில்லை. மிஸ் போட்ட விதை முளைத்துவிட்டது. "பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு வரட்டும், பிறகு பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுக் கட்டாருக்குத் திரும்பினார். போன் எடுக்கும்போதெல்லாம் கேட்பார், "இப்ப எந்தப் பக்கம் வச்சிரிக்கிறாய்?" சாப்பிட்டாளா, காய்ச்சலா என்று கேட்பதற்கு முன்பு அதைத்தான் கேட்பார். ஒவ்வொரு வருடமும் அவள் வளர வளர எனக்குப் பயம் கூடியது. மற்றவர்கள் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தால் சந்தோசப்படுவார்கள். எனக்கு, அவளைத் தூக்கிக்கொண்டு போகிற நாள் கிட்ட வருகிறது.

இதற்கிடையில் சண்டை மறுபடி மூண்டது. வாவிக்கு அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் பொட்டலத்தோடு தோணியில் இக்கரைக்கு வந்தது. முகாம் என்றால் அப்போது அவர்களுடைய முறை. நாங்கள் ஊருக்குத் திரும்பி, எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளில் இருந்தோம். இரவில் எங்கள் தலைக்கு மேலால் ஷெல் போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே கிடந்து நடுங்கும். எங்கள் பிள்ளை வலப் பக்கம் ஒருக்களித்துப் படுத்து, அசையாமல் தூங்குவாள். சரியான தைரியசாலி, தாயைப் போல என்று எல்லோரும் மெச்சினார்கள். அக்காவுக்கு அடைமழை இடிக்கே பயம். இருந்தும் கேட்க நன்றாக இருந்ததால் நான் மறுக்கவில்லை.

சண்டை முடிந்தது என்று அறிவித்த அந்த மே மாதம் பிள்ளைக்கு ஐந்து வயது ஆக இருந்தது. அத்தான் லீவில் வந்து அமிர்தகழியில் நின்றார். நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் பேசிவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளையின் உடுப்புகளை ஒரு பேக்கில் போட்டு வை என்றார். நான் போடவில்லை.

அந்தக் கிழமைதான் ஊர்ச் சந்தியில் கொண்டாட்டம் வைக்கச் சொல்லி மேலிடத்துக் கட்டளை. கடைக்குக் கடை கொடி. ஆசிரியர்கள் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்களில் எத்தனை பேருக்கு வன்னியில் சொந்தம் இருந்தது, எத்தனை பேருக்கு அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது! எனக்குப் பக்கத்தில் நின்றவளின் தம்பி அங்கே. அவள் கையிலும் கொடி. ஒரு சிப்பாய் தட்டில் பாற்சோறு கொண்டுவந்து நீட்டினான். வாங்காமல் இருக்க முடியாது. வாங்கி, விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்று பட்ட அவமானம் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

பிள்ளை என் பக்கத்தில், தெற்கே பார்த்தபடி நின்றாள். இடது கைப் பக்கம் சோதனைச் சாவடி. வலது கைப் பக்கம் கடைகளின் இடைவெளியால் வாவியின் ஒரு மூலையும் வெறும் கரையும் தெரிந்தது. சாவடிக்கு முன்னால் நீளமான சீனவெடிக் கோவை ஒன்றைத் தொங்கவிட்டுக் கொளுத்தினார்கள். வெடித்ததும் நின்ற அத்தனை பேரும் திடுக்கிட்டு இடது பக்கம் கிறுகிப் பார்த்தார்கள். பெரியவர்கள், பிள்ளைகள், நாய் உட்பட. என் பிள்ளை மட்டும் வலது பக்கம் கிறுகினாள். வெறும் தண்ணீரைச் சுட்டிக்காட்டி, "சின்னம்மா, அங்க என்ன வெடிக்குது?" என்றாள்.

எனக்குக் கொடி கையிலிருந்து விழுந்தது. அதற்கு யாராவது ஏதாவது சொன்னார்களா என்றும் தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இடது காதுக்குப் பக்கத்தில் கை தட்டினேன். "எங்க தட்டுறன்?" வலது பக்கம் காட்டினாள். வலது காதை என் கையால் அடைத்துவிட்டு அவள் பெயரைச் சொன்னேன். பேசாமல் நின்றாள். இன்னொரு தரம் சொன்னேன். அப்போதும் பேசாமல், எப்போது விளையாட்டு முடியும் என்று நின்றாள்.

அடுத்த முறை காது கிளினிக் நடந்த நாளில் அத்தானும் வந்தார். நான்தான் வரச் சொன்னேன். வந்து உங்கள் கண்ணால் பாருங்கள் என்று போனில் கத்தினேன். வைத்தியர் குழாயை வைத்துப் பார்த்து, சத்தம் கேட்கிற பெட்டிக்குள் இருத்திச் சோதித்து, இடது காது முழுக்கப் போய்விட்டது என்றார். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த சீழ் உள்ளே போயிருக்க வேண்டும், அப்போதே கவனித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். வலது காது நன்றாக இருக்கிறதாம், பேச்சு வந்துவிட்டதால் யாருக்கும் விளங்கியிருக்காதாம். பிறகு பிள்ளையிடம், "ஒரு காது கேக்கயில்ல எண்டு நீங்க ஏன் சொல்லயில்ல?" என்று கேட்டார்.

பிள்ளை அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "எல்லாருக்கும் ஒரு காதுதானே கேக்கும்?" என்றாள்.

வெளியே வாங்குப் பலகையில் இருந்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கைப்பையைப் பிள்ளை மாதிரி இடது கையில் வைத்துப் பார்த்தேன். தலை முழங்கையில், முகம் என் பக்கம். அப்படி வைத்தால் அவளுடைய வலது காது, நல்ல காது, என் நெஞ்சில் பொத்தப்பட்டுவிடும். செத்த காது மேலே இருக்கும். என் வாய் அசைவது தெரியும், சொல்வது கேட்காது. வலது கைக்கு மாற்றினால் நல்ல காது மேலே வரும், என் குரல் கேட்கும். அவ்வளவுதான். இவர்கள் எல்லோரும் இதயம் இதயம் என்று அடித்துக்கொண்டார்களே, அந்தப் பிள்ளைக்கு யாருடைய இதயமும் தேவைப்படவில்லை. போன தாயின் இடத்தில் பேசுகிற ஒரு குரல் தேவைப்பட்டது. அதைத்தான் பிள்ளை ஒவ்வொரு நாளும் தொண்டை கிழியச் சொன்னாள். தாய் வந்து நிற்கிறாள் என்றார்கள், மனம் ஒட்டவில்லை என்றார்கள். என் கையை அத்தனை பேர் ஆராய்ந்தார்கள். அவள் காதை ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளையின் இடது பக்கம் நான், எனக்கு அங்கால அத்தான் என்று இருந்தோம். "எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார் அத்தான்.

"தெரியாமப் போச்சா? போன் எடுக்கிற நேரமெல்லாம் எந்தக் கை, எந்தக் கை எண்டுதானே கேட்டீங்க? ஏன் அழுறாள் எண்டு ஒரு நாள் கேட்டீங்களா? அந்த மிஸ் சொன்னாள் எண்டு பிள்ளையப் புடுங்கிக் கொண்டு போனீங்களே, அழுதழுது தொண்டை கட்டினதே, அப்பவும் ஒருத்தருக்கும் உறைக்கயில்லையா?"

வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன். அந்த மிஸ் இப்போது எங்கே இருக்கிறாளோ, அவளும் சேர்த்துக் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அத்தான் ஆஸ்பத்திரி இரைச்சலுக்குள் மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பள்ளிக்கூட இடத்துக்கு வேற பிள்ளையச் சேர்க்கச் சொல்லிடுறன். பிள்ளை உங்களோடயே இரிக்கட்டும்."

முதல் தடவையாக என்னை 'நீங்கள்' என்றார். நான் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

பிள்ளைக்கு அத்தான் சொன்னது கேட்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டு, காது துடைத்ததில் கன்னத்தில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். நான் எழும்பிப் போய் அவளுடைய வலது பக்கம் இருந்தேன்.

"நீ என்னோடதான் இரிக்கப் போறியாம்" என்றேன்.

"பின்ன வேற எங்க இரிக்கிற?" என்றாள்.